கேமிங் பிசிக்கு எந்த ப்ராசஸர்: கோர்களை எண்ணுவதைவிட கேச்சைப் பாருங்கள்

2022 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற ப்ராசஸரை 449 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020 நவம்பரில் இதே விலையில் வந்த 5800எக்ஸின் உடன்பிறப்பு அது. இரண்டிலும் அதே ஜென் 3 கோர்கள் (கணக்குப் போடும் தனித்தனி அலகுகள்), எட்டு. இரண்டிலும் 16 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள். வேகத்தை மட்டும் பார்த்தால் புதியதுதான் ஒரு படி கீழே: பழையது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், புதியது 4.5-ஐத் தாண்டாது. வழக்கமான முறையில் ஓவர்கிளாக் செய்யவும் (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டவும்) வழி கிடையாது. வீடியோ ரெண்டர் செய்து பார்த்தவர்களுக்குப் புதியது சற்றுப் பின்தங்கியே இருந்தது.

ஆனால் கேம் ஆடினால் கதை தலைகீழாக மாறியது. பல கேம்களில் 10 முதல் 20 சதவீதம் வரை ஃப்ரேம்கள் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) கூடின. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்சியோனே, ஃபேக்டோரியோ போன்றவற்றில் அதையும் தாண்டிப் போனது. பழைய சிஎஸ்:ஜிஓ போன்ற சிலவற்றில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு ப்ராசஸர்களுக்கும் உருப்படியான வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: எல்3 கேச், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம், பழையதில் 32 எம்பி, புதியதில் 96 எம்பி.

கேமிங்குக்கு ப்ராசஸர் வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு ஒப்பீட்டைத்தான் என்று நினைக்கிறேன். கடையில் பேச்சு எப்போதும் "ஐ5-ஆ, ஐ7-ஆ?", "எத்தனை கோர்?", "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்றே ஓடும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அவைதான். கேமிங் வேகத்தை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் எண்ணோ விவரப் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும்.

ஏன் இப்படி? ஒரு ஃப்ரேம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 6.9 மில்லிநொடி. 240 என்றால் வெறும் 4.2. அந்த நேரத்துக்குள் ப்ராசஸர் கீபோர்டிலும் மவுஸிலும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்க்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு எங்கே போகிறது, சுவரில் பட்டதா, தெருவில் நடக்கும் ஆள் அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யாருடைய கை கால் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். பிறகு கேமராவுக்குத் தெரியும் பொருள்களை மட்டும் பொறுக்கியெடுத்து, "இதை இங்கே வரை, அதை அங்கே வரை" என்று கிராபிக்ஸ் கார்டுக்கு ஆயிரக்கணக்கான உத்தரவுகளை அனுப்ப வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் கிராபிக்ஸ் கார்டு தன் வேலையைத் தொடங்கும்.

இந்த வேலைகள் ஒன்றையொன்று நம்பியிருக்கின்றன. குண்டு எங்கே பட்டது என்று தெரியாமல் எதிரி விழுவானா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. அது தெரியாமல் எந்த அசைவைக் காட்டுவது என்று தெரியாது. அதனால் பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மை த்ரெட் இருக்கிறது. மற்ற கோர்கள் உதவிக்கு ஓடினாலும், அந்த ஒன்று முடியும்வரை ஃப்ரேம் நகராது. 1967-இல் ஜீன் அம்டால் சொன்னது இதைத்தான்: ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் வரம்பு. எத்தனை ஆள் சேர்த்தாலும் அந்தப் பகுதி சுருங்காது.

இதனால்தான் 16 கோர் ப்ராசஸர் 8 கோரைவிட இரு மடங்கு ஃப்ரேம் தருவதில்லை. அதற்காக கோரே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் எட்டு ஜென் 2 கோர்கள் இருக்கின்றன. இன்றைய பெரிய கேம்கள் அந்தப் பலத்தை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. நான்கு கோர் மட்டும் உள்ள ப்ராசஸர் இன்று திணறுவது அதனால்தான். ஆறு கோர், 12 த்ரெட் என்பது இப்போதைக்கு நியாயமான அடிமட்டம். எட்டு இருந்தால் நிம்மதி. அதற்கு மேலே கேமுக்காக மட்டும் காசு கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எடிட்டிங், ரெண்டரிங், புரோகிராமிங் செய்பவர்களின் கணக்கு வேறு.

சரி, கேச்சுக்கு வருவோம்.

5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு ஒரு துடிப்பு என்பது 0.2 நானோநொடி. அதற்கு வேண்டிய தகவல் எல்3 கேச்சில் இருந்தால் சுமார் 10 நானோநொடியில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ராமுக்குப் போக வேண்டியிருந்தால் 70, 80 நானோநொடி ஆகலாம். அதாவது 350, 400 துடிப்புகள். அவ்வளவு நேரமும் அந்தக் கோர் பெரும்பாலும் கைகட்டி நிற்கும். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரை கைக்கெட்டும் அலமாரியில் இருந்தால் உடனே எடுத்துத் தருவார்கள். பின்தெரு குடோனுக்குப் பையனை அனுப்பினால், கடைக்காரர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த அலமாரிதான் கேச்.

வீடியோ ரெண்டர் செய்யும்போது அடுத்து என்ன தகவல் வேண்டும் என்பது ப்ராசஸருக்கு முன்கூட்டியே தெரியும். வரிசையாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். கேமில் அப்படியில்லை. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள், எந்தக் கதவைத் திறப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் தகவல்களைத் தேடித் தேடி எடுக்க வேண்டும். முன்கணிப்பு அடிக்கடி தவறும். தவறும்போதெல்லாம் ராமுக்கு ஓட்டம். கேச் பெரிதாக இருந்தால் அந்த ஓட்டம் குறையும். ஆயிரக்கணக்கான பாத்திரங்களையும் பொருள்களையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தொட்டுப் பார்க்கும் சிமுலேஷன், ஸ்ட்ராட்டஜி கேம்களில் பலன் பெரிதாகத் தெரிவதும், வேண்டியதெல்லாம் ஏற்கெனவே 32 எம்பிக்குள் அடங்கிவிடும் பழைய கேம்களில் ஒன்றும் தெரியாததும் இதனால்தான்.

இதை முதலில் காட்டியது ஏஎம்டி அல்ல என்பது பலருக்கு ஞாபகம் இல்லை. 2015-இல் இன்டெல் கோர் ஐ7-5775சி என்று ஒரு ப்ராசஸரை வெளியிட்டது. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்காக 128 எம்பி இடிராம் என்ற கூடுதல் நினைவகத்தை அதில் வைத்தார்கள். வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆடிப் பார்த்தவர்கள், அதைவிட வேகமான ப்ராசஸர்களோடு அது சில கேம்களில் சரிக்குச் சரி நிற்பதைக் கண்டார்கள். அந்த 128 எம்பி, ப்ராசஸருக்கும் கேச்சாக உதவியதுதான் காரணம். இன்டெல் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. சாதாரண டெஸ்க்டாப்பில் நான்கு கோரிலேயே 2017 வரை ஓட்டியது. கைக்கு வந்ததை விட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

ஏஎம்டி 2021-இல் கம்ப்யூடெக்ஸ் நிகழ்வில், ரைசன் 9 5900எக்ஸ் மாதிரி ஒன்றில் கேச்சை ப்ராசஸர் சில்லின் மேலேயே இன்னொரு அடுக்காக ஒட்டிக் காட்டியது. செம்பு இணைப்போடு செம்பு இணைப்பை நேரடியாகப் பொருத்தும் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. அடுத்த ஆண்டு 5800எக்ஸ்3டி, 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி என்று வரிசை தொடர்ந்தது. முதல் இரண்டில் கேச் கோர்களின் மேல் உட்கார்ந்திருந்ததால், கோரின் சூடு கூலருக்குப் போகும் வழியில் அதுவே தடையாக இருந்தது. வேகத்தை அடக்கி வைக்க வேண்டியிருந்தது. 9800எக்ஸ்3டியில் கேச்சைக் கீழே தள்ளி, கோர்களை மேலே கொண்டுவந்தார்கள். வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறியது, ஓவர்கிளாக்கும் திறந்துவிடப்பட்டது. விலை 479 டாலர்.

இவ்வளவும் படித்தால் இந்த எக்ஸ்3டி வரிசையில் ஒன்றை வாங்கிவிடுவதுதான் சரி என்று தோன்றும். பலருக்கு அது தவறான முடிவு.

ப்ராசஸர் ரிவ்யூக்களில் கேம்களை 1080பி ரெசல்யூஷனில், அந்த நேரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கிராபிக்ஸ் கார்டோடு சோதிக்கிறார்கள். சிலர் இதைக் குறை சொல்வதுண்டு: இரண்டாயிரம் டாலர் கார்டை வாங்கி 1080பியில் யார் ஆடுவார்கள் என்று. ஆனால் சோதனை முறையாக அது சரிதான். ப்ராசஸரின் திறனை அளக்க வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டு குறுக்கே நிற்கக் கூடாது. அந்த வரைபடம் சொல்வது ப்ராசஸரின் உச்ச எல்லையை. உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அது சொல்வதில்லை.

4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்செல்கள். 1080பியில் சுமார் 21 லட்சம். பிக்செல் நான்கு மடங்கானால் கிராபிக்ஸ் கார்டின் வேலை பலமாக ஏறும். ப்ராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்ற கணக்குக்குத் திரை அளவோடு சம்பந்தமில்லை. உங்கள் கார்டு நொடிக்கு 80 ஃப்ரேம்தான் வரைய முடியும் என்றால், 120 தயார் செய்யும் ப்ராசஸரும் 200 தயார் செய்யும் ப்ராசஸரும் உங்களுக்கு ஒன்றுதான். ரிவ்யூ வரைபடத்தில் மலைபோலத் தெரிந்த வித்தியாசம் உங்கள் திரையில் காணாமல் போய்விடும்.

இதில் சமீப ஆண்டுகளில் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் (சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும்) வசதிகளை ஆன் செய்தால் கேம் உள்ளுக்குள் சிறிய ரெசல்யூஷனில்தான் வரையப்படுகிறது. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் உண்மையில் வரையப்படுவது 1080பி. "நான் 4கேயில்தான் ஆடுகிறேன், ப்ராசஸர் பற்றிக் கவலையில்லை" என்று சொல்பவர், இந்த வசதியை ஆன் செய்தவுடன் ப்ராசஸரின் எல்லைக்கு அருகே வந்துவிடுகிறார். ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங்கும் அப்படித்தான். ஒளிக்கதிர் எதில் மோதுகிறது என்று தேடுவதற்கான பட்டியலை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் ப்ராசஸருக்கும் பாரம் கூடுகிறது. சைபர்பங்க் 2077-இல் கூட்டமான தெருவில் நடந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு விஷயம்: அது இடையில் புது ஃப்ரேம்களைச் செருகி எண்ணை உயர்த்தும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்கும் திரை பதில் சொல்வதற்கும் உள்ள நேரத்தை அது குறைக்காது.

உங்கள் கணினியில் எது தடை என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். வழக்கமாக ஆடும் கேமில், கனமான ஒரு இடத்தில் நின்றுகொள்ளுங்கள். பால்டர்ஸ் கேட் 3 என்றால் மூன்றாம் அங்கத்தின் நகரம். முதல் அங்கத்துக் காட்டில் நின்று பார்த்தால் பிரச்சினையே தெரியாது. ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ரெசல்யூஷனை மட்டும் நன்றாகக் குறைத்துவிட்டு அதே இடத்தில், அதே திசையில் பாருங்கள். எண் எகிறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடையாக இருந்திருக்கிறது. புது ப்ராசஸர் வாங்குவது வீண். எண் அசையாமல் நின்றால் ப்ராசஸர் தடை. கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் இருக்கிறதா, 60-இல் தூங்குகிறதா என்பதும் அதையே சொல்லும்.

டாஸ்க் மேனேஜரில் "சிபியு 30 சதவீதம்தான், அது சும்மாதான் இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவது பரவலான பிழை. 16 த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். முதன்மை த்ரெட் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போதே மொத்தம் 30 காட்டும். அந்த எண்ணை நம்பவே வேண்டாம்.

சராசரி எஃப்பிஎஸ்ஸையும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) அப்படியே நம்பக் கூடாது. சராசரி 110 இருந்து, நடுநடுவே 40-க்கு விழுந்து எழுந்தால் கண்ணுக்கு அது திக்கித் திக்கித்தான் தெரியும். அதனால் ரிவ்யூக்களில் '1% லோ' என்ற எண்ணைப் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்கள் எந்த வேகத்தில் இருந்தன என்பதைக் காட்டும். பெரிய கேச்சின் பலனும் நல்ல ராமின் பலனும் பெரும்பாலும் இங்கேதான் அதிகம் தெரியும். இரண்டு ப்ராசஸர்களில் ஒன்றுக்குச் சராசரி கூடுதலாகவும் மற்றதற்கு 1% லோ கூடுதலாகவும் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 2024 மார்ச்சில் டிராகன்ஸ் டாக்மா 2 வந்தபோது நகரத்துக்குள் நுழைந்ததும் ஃப்ரேம்கள் சரிந்ததை ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர்மக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால் ப்ராசஸர் பாரம் அதிகமாகிறது என்று கேப்காம் நிறுவனமே சொன்னது. அந்த இடத்தில் கிராபிக்ஸ் செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பெரிய பலன் இல்லை.

இப்போது காசுக் கணக்கு. ரைசன் 5 7600 வெளியான விலை 229 டாலர், 9800எக்ஸ்3டி 479 டாலர். இடைவெளி 250. அதே 250 டாலர் கிராபிக்ஸ் கார்டில் என்ன செய்யும்? ஆர்டிஎக்ஸ் 5060 அறிவிக்கப்பட்ட விலை 299. ஆர்டிஎக்ஸ் 5070 அறிவிக்கப்பட்ட விலை 549. சரியாக அதே 250. நம் ஊரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் கடை லாபமும் சேர்ந்து ரூபாயில் எண்கள் மாறும், விலை வாரத்துக்கு வாரம் ஆடும். ஆனால் விகிதம் ஏறக்குறைய இதுதான். 9800எக்ஸ்3டியோடு 5060-ஐப் போட்டவரையும், 7600-ஓடு 5070-ஐப் போட்டவரையும் பக்கத்தில் உட்கார வைத்து 1440பியில் ஒரு பெரிய கேமை ஆடச் சொன்னால், இரண்டாமவர் தெளிவாக முன்னே போவார். முதலாமவரின் ப்ராசஸர் பாதி நேரம் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே பெரிய கதைக் கேம்களை 60 முதல் 100 ஃப்ரேமில் அழகாக ஆட விரும்புபவருக்கு நல்ல ஆறு கோர் ப்ராசஸரும், மிச்சப் பணத்துக்குக் கிடைக்கும் சிறந்த கார்டும்தான் சரி. மாறாக, வாலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களை 240 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலான மானிட்டரில், செட்டிங்கைக் குறைத்து ஆடுபவருக்கு ஃப்ரேமுக்கு 4 மில்லிநொடிதான் இருக்கிறது. அவருக்கு எக்ஸ்3டி கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ஃப்ளைட் சிமுலேட்டர், பெரிய ஸ்ட்ராட்டஜி கேம்கள், நகரம் கட்டும் கேம்கள் ஆடுபவருக்கும் அப்படியே. உச்சவிலைக் கார்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்டு மலிவானது என்பதால் ப்ராசஸர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் இன்டெல் 249 டாலருக்கு ஆர்க் பி580 கார்டைக் கொண்டுவந்தது. விலைக்கு மிக நல்ல கார்டு என்று பாராட்டு குவிந்தது. சில வாரங்களில், ரைசன் 5 2600 போன்ற பழைய ப்ராசஸர்களோடு அதைச் சோதித்தவர்கள் சில கேம்களில் வேகம் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவதைக் காட்டினார்கள். அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரே ப்ராசஸரிடம் அதிக வேலை வாங்கியது. மலிவான கார்டைத் தேடுபவரிடம்தான் பெரும்பாலும் பழைய ப்ராசஸர் இருக்கும் என்பதால் இது கசப்பான விஷயம்.

பெயர்களில் உள்ள கண்ணிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் ஆறு கோர், 12 த்ரெட். கடையில் "கொஞ்சம்தான் வித்தியாசம்" என்பார்கள். 5600-இல் எல்3 கேச் 32 எம்பி; 5500-இல் பாதி, 16 எம்பி. லேப்டாப் சில்லின் வழியில் வந்தது அது. கிராபிக்ஸ் கார்டுக்கான பிசிஐஇ இணைப்பும் ஒரு தலைமுறை பழையது. ஏஎம்டியின் புதிய தலைமுறை போர்டுகளில் உள்ள ஏஎம்5 சாக்கெட்டில் இதே விளையாட்டு இன்னும் மோசம். ரைசன் 5 8400எஃப் என்ற எண் 7500எஃப்-ஐவிடப் பெரிது, புதிது. ஆனால் 8400எஃப்-இல் கேச் 16 எம்பி, 7500எஃப்-இல் 32 எம்பி. கேமுக்கு 7500எஃப்தான் நல்லது. எட்டு கோர் உள்ள 8700எஃப்கூட, ஆறு கோர் 7600-இடம் பெரும்பாலான கேம்களில் தோற்கும். இன்னொரு பக்கம், 699 டாலருக்கு வந்த 16 கோர் 7950எக்ஸ்3டியில் எட்டு கோர்களுக்கு மட்டுமே கூடுதல் கேச் இருக்கிறது. விண்டோஸ் கேமைத் தவறான எட்டில் ஓட்டினால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கிடைத்த 7800எக்ஸ்3டியைவிடப் பின்தங்கும்.

இன்டெல் பக்கம் ஐ3, ஐ5, ஐ7 என்று ஏற ஏற கோரோடு கேச்சும் கூடும். 10-ஆம் தலைமுறையில் 10600கே 12 எம்பி, 10700கே 16, 10900கே 20. 10900கே-யில் கோர்களை முடக்கி ஆறாகக் குறைத்துச் சோதித்தபோதும் கேம் வேகம் அதிகம் விழவில்லை. ஐ9 வாங்கியவர் கோருக்குக் கொடுத்ததாக நினைத்த காசில் ஒரு பங்கு உண்மையில் கேச்சுக்குப் போயிருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த ஐ5-12400எஃப், ஆறு கோரும் 18 எம்பி கேச்சுமாக, மலிவு கணினிக்கு இன்றும் மதிக்கத்தக்க தேர்வு. முந்தைய தலைமுறை டிடிஆர்4 ராமோடும் ஓடும் போர்டுகள் அதற்கு உண்டு.

13, 14-ஆம் தலைமுறையின் மேல்மட்ட ப்ராசஸர்கள் வேகத்தில் சோடை போகவில்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற மென்பொருளின் பிழையால் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போய், நாளடைவில் சில்லே சீர்கெடும் பிரச்சினையை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. வாரன்ட்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது, திருத்தங்களை வெளியிட்டது. திருத்தம் இனிமேல் நடப்பதைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முந்தைய உரிமையாளர் பயாஸ் (போர்டில் இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யாமலே ஓட்டிய 13900கே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொட மாட்டேன்.

2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே, 589 டாலர், 24 கோர். பல கேம்களில் தன் முன்னோடியான 14900கே-யையே அது முந்தவில்லை. ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரைக் கோர்களிடமிருந்து பிரித்து வேறு சில்லில் வைத்ததால் ராமைத் தொட்டுவரும் நேரம் நீண்டதே முக்கியக் காரணம். மின்சாரம் குறைந்தது, ரெண்டரிங் நன்றாக இருந்தது, கேமில் மட்டும் காத்திருப்பு கூடியது. அதே வரிசையின் அல்ட்ரா 7 265கே-யின் விலை 2025-இல் நன்றாக இறங்கியது. வேலையும் விளையாட்டும் ஒரே கணினியில் என்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

ப்ராசஸர் விலையோடு கணக்கை நிறுத்த முடியாது. 7600 பெட்டியில் கூலர் வரும். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி பெட்டிகளில் வராது. ரிவ்யூ செய்பவர்களின் அறை 20, 25 டிகிரியில் இருக்கும். ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் 35 டிகிரி என்றால், ப்ராசஸரின் சூட்டிலும் ஏறக்குறைய அதே பத்து டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எக்ஸ்3டிக்கள் நல்லவை: 7800எக்ஸ்3டி கேமில் 100 வாட்டைத் தொடுவது அரிது. 14900கே-யின் அதிகபட்சம் 253 வாட். அந்தச் சூட்டைச் சமாளிக்கும் கூலரும் போர்டும் தனிச் செலவு.

அப்புறம் ராம். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ அசெம்பிள் செய்து வாங்கும் பல கணினிகளில் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருப்பதைப் பார்க்கலாம். "பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்பது வாதம். ஒரே ஸ்டிக் என்றால் ராமுக்குப் போகும் பாதை பாதியாகிறது. கேமில், குறிப்பாக 1% லோவில், அது நன்றாகத் தெரியும். கேச் குறைவான ப்ராசஸரில் இன்னும் அதிகமாகத் தெரியும். இரண்டு 8 ஜிபியாகவோ, முடிந்தால் இரண்டு 16 ஜிபியாகவோ வாங்குங்கள். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி வசதி பயாஸில் ஆன் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் பெரும்பாலும் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும், ஒரு நிமிட வேலை. எக்ஸ்3டி ப்ராசஸர்களுக்கு ராம் வேகம் அவ்வளவு முக்கியமில்லை என்பது அவற்றின் இன்னொரு வசதி. சாதாரண ராமிலும் அதிகம் இழக்காது.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. போர்டு, ராம், ப்ராசஸர் மூன்றையும் சேர்த்து மாற்ற நினைத்தவர்களின் கணக்கையெல்லாம் அது கலைத்துவிட்டது. ஏற்கெனவே ஏஎம்டியின் முந்தைய தலைமுறை ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ராமும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது மிகச் சிக்கனமான வழி, அந்தப் போர்டிலேயே ப்ராசஸரை மட்டும் மாற்றுவது. 2018-இல் ரைசன் 5 2600-ஓடு பி450 போர்டு வாங்கியவர் அதிலேயே 5600-ஐப் போடலாம். 5700எக்ஸ்3டி நியாயமான விலையில் எங்காவது கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது பெட்டியோடு வாங்குங்கள்; பெட்டியில்லாமல் விற்கும் ட்ரே ப்ராசஸருக்கு நிறுவனத்தின் நேரடி வாரன்ட்டி கிடையாது, விற்றவர் சொல்லும் வார்த்தைதான் வாரன்ட்டி. பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முதலில் கழற்றிப் புதியதைப் பொருத்திவிட்டால் பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது, திரையில் ஒன்றும் வராது. பழையதை மறுபடி மாட்டி அப்டேட் செய்ய வேண்டியிருக்கும்.